கேபர்னே சாவின்யோனா மெர்லோவா, எதை எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: "ரெட் ஒயின் இப்பதான் பழகிட்டிருக்கேன், எங்க பாத்தாலும் கேபர்னே சாவின்யோன், மெர்லோ இந்த ரெண்டு பேர்தான் கண்ணுல படுது, ரெண்டையும் குடிச்சுப் பாத்தேன், பெருசா வித்தியாசம் தெரியல, மெர்லோ சாஃப்ட் கேபர்னே ஸ்ட்ராங்னு எல்லாரும் சொல்றாங்க, நான் எதை எடுக்கறது?"

முதல்ல பதிலைச் சொல்லிடறேன், அப்புறம் காரணத்துக்கு வரேன். வாங்கின அன்னைக்கே திறந்து, பக்கத்துல சாப்பாடு எதுவும் இல்லாம சும்மா உக்காந்து பேசிக்கிட்டே குடிக்கணும்னா மெர்லோ எடுங்க. கொழுப்பு உள்ள கறியோட குடிக்கணும், இல்ல நல்ல பாட்டிலா ஒண்ணு வாங்கி பத்து வருஷம் எடுத்து வைக்கணும்னா கேபர்னே எடுங்க. ஆனா இந்த பதில் பாதி நேரம்தான் சரியா வரும், ஏன்னா நான் இத்தனை வருஷமா குடிச்சுப் பாத்து புரிஞ்சுக்கிட்டது என்னன்னா, பாட்டில்ல இருக்கிற ரகத்தோட பேரை விட அந்த ரகம் அந்த ஊர் வெயில்ல முழுசா பழுத்துச்சா இல்லையாங்கிறதுதான் பெரிய விஷயம். பழுக்காத மெர்லோ நல்லா பழுத்த கேபர்னேவை விட கடுமையா இருக்கும். அதனால ஊரையும் சேத்துப் பாக்காம ரகத்தை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.

வித்தியாசம் எங்க இருக்குன்னா பழத்துல இருக்கு, அதுவும் தோல்ல. ஒரு தடவை அறுவடைக்கு கொஞ்ச நாள் முன்னாடி ஒரு தோட்டத்துல பக்கத்து பக்கத்து வரிசையில இருந்த ரெண்டு ரகத்தையும் பறிச்சு வாயில போட்டுப் பாக்கற வாய்ப்பு கிடைச்சது. கேபர்னே பழம் சின்னது, ஏறக்குறைய ஒரு பட்டாணி அளவுதான், உருண்டையா கருநீலமா இருந்துச்சு, விரலால அழுத்தினா சட்டுனு நசுங்கல, கடிச்சப்ப தோல் தனியா வந்து பல்லுக்கு நடுவுல ரொம்ப நேரம் மெல்ல வேண்டியிருந்துச்சு, சாறு ஒரு சொட்டு மாதிரிதான், மிச்சமெல்லாம் தோலும் விதையும். மெல்ல மெல்ல நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிச்ச மாதிரி வறண்டு போச்சு. அடுத்த வரிசை மெர்லோ கொஞ்சம் பெரிய பழம், தோல் மெல்லிசு, கடிச்ச உடனே சாறு வாயில பரவிடுச்சு, இனிப்பு முதல்ல வந்துச்சு, துவர்ப்பு பின்னாடி லேசா வந்துட்டுப் போயிடுச்சு. கைவிரல்ல ரெண்டு பழத்தோட தோலையும் தேச்சுப் பாத்தேன், கேபர்னே தேச்ச விரல்ல மை தொட்ட மாதிரி கறை, மெர்லோ கறை அதை விட லேசு. அந்த ரெண்டு வாய் பழத்துலயே ரெண்டு ஒயினோட குணமும் தெரிஞ்சிருச்சு.

ரெட் ஒயினுக்கு கலர், துவர்ப்பு, வாசனைல பெரும் பங்கு எல்லாம் தோல்ல இருந்துதான் வருது. கறுப்பு திராட்சையிலயும் உள்ள இருக்கிற சாறு பெரும்பாலும் வெள்ளைதான், தோலோட சேத்து ஊற வச்சு புளிக்க வைக்கறப்பதான் அது சிவப்பாகுது. பழம் சின்னதா தோல் கெட்டியா இருந்தா, அதே அளவு சாறுக்கு தோலும் விதையும் அதிகம், அப்ப அதுல இருந்து இறங்கற டானினும் அதிகம். டானின்னா அந்த துவர்ப்புதான், பால் ஊத்தாத டிக்காஷனை ரொம்ப நேரம் கொதிக்க விட்டு குடிச்சா நாக்கு சொரசொரன்னு ஆகுமே, நாவல்பழம் தின்னா வாய் ஒட்டிக்குமே, அதே சமாச்சாரம். எச்சில்ல இருக்கிற புரோட்டீனை டானின் போய் பிடிச்சுக்குது, எச்சிலோட வழவழப்பு போயிடுது, அதனாலதான் வறட்சி. இது சுவைங்கறதை விட தொடு உணர்வுன்னு சொல்றதுதான் சரி. இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, வித்தியாசம் தெரியலன்னு சொல்றவங்க பெரும்பாலும் மூக்கையும் நாக்கு நுனியையும் மட்டும்தான் கவனிக்கறாங்க. ஒயினை முழுங்கின அப்புறம் ஈறும் மேலுதட்டோட உள்பக்கமும் எப்படி இருக்குன்னு பாருங்க. கேபர்னேன்னா அங்க ஒரு பிடிப்பு இருக்கும், மெர்லோன்னா வெல்வெட் துணி மாதிரி வழுக்கிட்டுப் போகும்.

வாசனையில வித்தியாசம் இருக்கு, ஆனா அது அவ்வளவு நம்பகமா இருக்காது. கேபர்னேல பிளாக்கரன்ட்ங்கற சின்ன கறுப்புப் பழம், பென்சில் சீவறப்ப வர மர வாசனை, சில ஊர் பாட்டில்கள்ல புதினா. மெர்லோல பிளம், செர்ரி, கொஞ்சம் சாக்லேட், வயசானா ஈர மண்ணு. ரெண்டுலயும் பொதுவா வரக்கூடிய ஒரு வாசனை பச்சைக் குடமிளகாய், இதைத் தெரிஞ்சு வச்சிருந்தா ரொம்ப உபயோகப்படும். மெத்தாக்ஸிபைரஸின்னு ஒரு வகை பொருள் இருக்கு, குடமிளகாய்ல இருக்கறதும் திராட்சையில இருக்கறதும் ஒண்ணேதான், ஒரு லிட்டர் ஒயின்ல பத்து பதினஞ்சு நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சிரும், அவ்வளவு வீரியம். காயா இருக்கறப்ப இது நிறைய இருக்கும், பழம் பழுக்க பழுக்க, குலை மேல வெயில் பட பட குறைஞ்சுக்கிட்டே வரும். கேபர்னே லேட்டா பழுக்கற ரகம்ங்கறதால குளிர்ச்சியான ஊர்லயோ வெயில் இல்லாத வருஷத்துலயோ அது முழுசா போகாம நின்னுடும். ஆக, கிளாஸ்ல மூக்கை வச்ச உடனே குடமிளகாய் தூக்கலா அடிக்குதுன்னா பழம் பழுக்கறதுக்குள்ள பறிச்சிருக்காங்கன்னு தாராளமா சந்தேகப்படலாம். லேசா இருந்தா அது அழகுதான், எனக்கு பிடிக்கவும் செய்யும், பழ வாசனைக்கு நடுவுல ஒரு பச்சை இலை மாதிரி. தூக்கலா இருந்தா தொண்டையில கசப்பும் சேந்து வரும்.

ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னதுல தப்பு இல்ல, ஏன்னா ரெண்டும் சொந்தம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல கரோல் மெரடித், ஜான் பவர்ஸ் ரெண்டு பேரும் டிஎன்ஏ வச்சு ஆராய்ஞ்சு, கேபர்னே சாவின்யோன்ங்கறது கேபர்னே ஃபிராங்கும் சாவின்யோன் பிளாங்கும் சேந்து பிறந்ததுன்னு கண்டுபிடிச்சாங்க, 1997ல அது வெளியாச்சு. ஒரு கறுப்பு திராட்சையும் ஒரு வெள்ளை திராட்சையும் எப்பவோ பக்கத்து பக்கத்துல வளந்து தானா கலந்து உலகத்துலயே பிரபலமான ரெட் ஒயின் திராட்சை பிறந்திருக்கு, பேர்லயே ரெண்டு பெத்தவங்க பேரும் இருந்தும் அதுவரைக்கும் யாருக்கும் உறுதியா தெரியாது. மெர்லோவுக்கும் ஒரு பக்கம் அதே கேபர்னே ஃபிராங்தான். இன்னொரு பக்கம் யாருன்னு ரொம்ப நாள் தெரியாம இருந்து, பிரான்ஸ்ல ஷரான்ட் பகுதி கிராமங்கள்ல வீட்டு வாசல்ல படர விட்டிருந்த ஒரு பழைய கொடிதான் அதுன்னு 2009ல தெரிய வந்துச்சு, மாக்தலேன் நுவார் தே ஷரான்ட்னு பேர் வச்சாங்க. ஜூலை 22 மரிய மதலேனாள் திருநாள், அந்த சமயத்துலயே பழுத்துடற அளவுக்கு சீக்கிரம் பழுக்கற கொடிங்கறதால அந்தப் பேர். மெர்லோ சீக்கிரம் பழுக்கற குணம் அந்தப் பக்கத்துல இருந்து வந்திருக்கணும்னுதான் எனக்குத் தோணுது. ஆக ரெண்டும் பாதி ரத்தம் ஒண்ணா உள்ள அண்ணன் தம்பி மாதிரி, முகச்சாயல் இருக்கும், சுபாவம் வேற.

இந்த சீக்கிரம் லேட்டுங்கறதுதான் தோலுக்கு அடுத்த பெரிய வித்தியாசம், சில பேர் தோலை விட இதுதான் முக்கியம்னு சொல்வாங்க. மெர்லோ சீக்கிரம் துளிர் விடும், சீக்கிரம் பழுக்கும், ஒரே தோட்டத்துல கேபர்னேவை விட ஒண்ணு ரெண்டு வாரம், சில சமயம் அதுக்கும் மேல முன்னாடியே பறிச்சிடலாம். சீக்கிரம் துளிர் விடறதால வசந்த காலத்து உறைபனி வந்தா முதல்ல அடி வாங்கறதும் மெர்லோதான், பிரான்ஸ்ல போர்தோ பகுதியில 2017 ஏப்ரல்ல அப்படி ஒரு பனி அடிச்சு நிறைய தோட்டத்துல விளைச்சலே இல்லாம போச்சு. பூக்கற நேரத்துல குளிரும் மழையும் வந்தா பூ காய் பிடிக்காம கொட்டிப் போற பிரச்சனையும் மெர்லோவுக்கு ஜாஸ்தி. தோல் மெல்லிசா இருக்கறதால ஈரம் இருந்தா அழுகலும் சீக்கிரம் பிடிக்கும். கேபர்னே இதுக்கெல்லாம் தாக்குப் பிடிக்கும், கெட்டித் தோல், குலை நெருக்கமா இல்லாம கொஞ்சம் தளர்ந்து இருக்கும், காத்து போகும், மழையில நனைஞ்சாலும் கொஞ்ச நாள் காத்திருக்கலாம். ஆனா அதுக்கு பழுக்கறதுக்கு வெயில் வேணும், நாள் வேணும், ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் அந்த பச்சை வாசனையோட முறைச்சுக்கிட்டு நிக்கும்.

இதையெல்லாம் ஒரே இடத்துல பாக்கணும்னா போர்தோவைத்தான் பாக்கணும், ரெண்டு ரகத்துக்கும் பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். அங்க ஜிரோந்துன்னு ஒரு பெரிய கழிமுகம், கரோன், தோர்தோன்னு ரெண்டு ஆறு வந்து அதுல சேருது. இடது கரையில மெடாக் பகுதி, பொயாக், மார்கோ, சான் ஜூலியான்னு ஊர்கள், அங்க மண்ணு சரளைக்கல்லு. கூழாங்கல்லு பகல்ல சூட்டை வாங்கி வச்சுக்கும், தண்ணி நிக்காம கீழ வடிஞ்சிடும், மண்ணு சீக்கிரம் சூடாகும், லேட்டா பழுக்கற கேபர்னேவுக்கு அந்த கூடுதல் சூடுதான் பழுக்கறதுக்கு கை கொடுக்குது. வலது கரையில சான் எமிலியோன், பொமெரோல், அங்க களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். களிமண்ணு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், குளிர்ச்சியாவே இருக்கும், அதுல கேபர்னேவை வச்சா நிறைய வருஷம் பழுக்கவே பழுக்காது, மெர்லோவுக்கு அதுவே சொர்க்கம், கோடையில தண்ணி கிடைக்கும், சீக்கிரம் பழுக்கற ரகம்ங்கறதால குளிர்ச்சி ஒண்ணும் பண்ணாது. ஒரே மாவட்டம், ஒரே கடல் காத்து, ஒரே மழை, நடுவுல தண்ணி, மண்ணு மாறினதால திராட்சையே மாறிடுச்சு. இன்னொண்ணு, போர்தோன்னாலே கேபர்னேன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா அங்க அதிகமா நட்டிருக்கறது மெர்லோதான், பாதிக்கும் மேல.

அப்ப கேபர்னேவுக்கு மட்டும் ஏன் அந்த ராஜ மரியாதை? அதுக்கு 1855ஐப் பாக்கணும். பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டு போர்தோ ஒயின்களை தரம் பிரிச்சாங்க, தரகர்கள் அன்னைக்கு எது என்ன விலைக்குப் போகுதோ அதை வச்சு பட்டியல் போட்டாங்க. அதுல இருந்த ரெட் ஒயின்ல ஓ பிரியோன்ங்கற ஒரு தோட்டத்தைத் தவிர மத்தது எல்லாம் மெடாக், அதாவது கேபர்னே பக்கம். லாஃபீத், லத்தூர், மார்கோன்னு இன்னைக்கும் நாம கேக்கற பேரெல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கிற பேர்தான். வலது கரை ஒயின் அப்ப வேற ஊர் வழியா வேற வியாபாரிங்க கையில இருந்துச்சு, பட்டியல்லயே வரல. சான் எமிலியோன் தனக்குன்னு ஒரு தரவரிசை போட்டது 1955லதான், பொமெரோல் இன்னைக்கு வரைக்கும் போடவே இல்ல. இத்தனைக்கும் உலகத்துலயே ரொம்ப விலை உயர்ந்த ரெட் ஒயின்கள்ல ஒண்ணான பெட்ரூஸ் அந்த பொமெரோல்ல நீலக் களிமண்ணுல விளையற, கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மெர்லோ. மெர்லோன்னா சாதாரணம், கேபர்னேன்னா உசத்தின்னு யாராவது சொன்னா இந்த ஒரு பேரைச் சொல்லுங்க போதும். இத்தாலியில மாசேட்டோவும் அப்படித்தான், பெரும்பாலும் மெர்லோதான், அதுவும் களிமண்ணு மேடு.

கேபர்னேவோட பேரு இன்னும் ஏறினது 1976ல. பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு ஒயின் வியாபாரி, லேபிள் தெரியாம பிரெஞ்சு நடுவர்களை வச்சு ஒரு சுவைப் போட்டி நடத்தினாரு, ரெட்ல முதல் இடம் கலிஃபோர்னியாவோட நாபா பள்ளத்தாக்குல இருந்து வந்த ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லார்ஸோட 1973 கேபர்னேவுக்கு போச்சு, போர்தோவோட பெரிய பேரெல்லாம் பின்னால நின்னுச்சு. அதுக்கப்புறம் உலகம் பூரா கேபர்னே நட ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல, இன்னைக்கு ஒயினுக்குன்னு பயிரிடற திராட்சையில உலகத்துலயே முதல் இடம் அதுக்குத்தான், மூணு லட்சம் ஹெக்டேருக்கும் மேல. மெர்லோவும் ரொம்ப பின்னாடி இல்ல, ரெண்டரை லட்சத்தைத் தாண்டும்.

மெர்லோவுக்கு கெட்ட பேர் வந்ததுக்கும் ஒரு கதை இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா அந்தப் பேரை நீங்க நம்ப மாட்டீங்க. 1991ல அமெரிக்காவுல ஒரு டிவி நிகழ்ச்சியில பிரெஞ்சுக்காரங்க அவ்வளவு கொழுப்பு சாப்பிட்டும் இதய நோய் குறைவா இருக்கறதுக்கு ரெட் ஒயின் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க (இன்னைக்கு மருத்துவர்கள் அதை அப்படி ஏத்துக்கறதில்ல, அது வேற விஷயம்). உடனே ரெட் ஒயினே குடிக்காதவங்க எல்லாம் ரெட் கேக்க ஆரம்பிச்சாங்க, அவங்களுக்கு துவர்ப்பு கம்மியா, பேர் சொல்றதுக்கு சுலபமா ஒண்ணு வேணும், மெர்லோ வந்து மாட்டுச்சு. கலிஃபோர்னியாவுல கொழுத்த சமவெளி மண்ணுல, சூடான இடத்துல, ஒரு கொடிக்கு எவ்வளவு குலை வருமோ அவ்வளவும் விட்டு அவசர அவசரமா நட்டாங்க. அப்படி விளைஞ்ச மெர்லோ சக்கரைத் தண்ணி மாதிரி சப்புன்னுதான் இருக்கும். தப்பு திராட்சை மேல இல்ல, நட்ட விதத்துல இருந்துச்சு.

சிலியில நடந்தது இன்னும் விசேஷம். அங்க மெர்லோன்னு சொல்லி வித்ததுல ஒரு பெரும் பங்கு மெர்லோவே இல்ல, 1994ல ஜான் மிஷேல் பூர்சிகோன்னு ஒரு பிரெஞ்சு திராட்சை நிபுணர் மைப்போ பள்ளத்தாக்குல கொடியைப் பாத்து இது கார்மெனேர்னு சொன்னாரு. பத்தொன்பதாம் நூற்றாண்டுல போர்தோல இருந்து கொண்டு போன கொடிகள்ல கலந்து போனது, போர்தோவுலயே ஃபிலாக்ஸிரா பூச்சியால ஏறக்குறைய அழிஞ்சு போன ரகம், அங்க மெர்லோன்னு பேர் வச்சுக்கிட்டு உயிரோட இருந்திருக்கு. கார்மெனேர் மெர்லோவை விட மூணு நாலு வாரம் லேட்டா பழுக்கும், ரெண்டையும் ஒரே நாள்ல பறிச்சா பாதி பழம் பச்சையாத்தான் இருக்கும். சிலி மெர்லோன்னா குடமிளகாய் வாசனை அடிக்கும்னு பழைய ஆளுங்க சொல்றதுக்கு இதுதான் காரணம். இப்ப பிரிச்சு நட்டு, தனித்தனியா பறிக்கறாங்க.

இப்ப உங்களுக்கு வித்தியாசம் தெரியாம போனதுக்கு இன்னும் ரெண்டு காரணம் சொல்லணும். ஒண்ணு, லேபிள் சட்டம். அமெரிக்காவுல ஒரு ரகத்தோட பேரை லேபிள்ல போடறதுக்கு அந்தத் திராட்சை 75 சதவீதம் இருந்தா போதும், ஐரோப்பிய யூனியன்லயும் ஆஸ்திரேலியாவுலயும் 85. ஆக நீங்க கேபர்னேன்னு வாங்கின பாட்டில்ல கால்வாசி வரைக்கும் மெர்லோ இருந்திருக்கலாம், அது ஏமாத்து வேலையும் இல்ல. கேபர்னேவுக்கு ஒரு குறை உண்டு, முதல் வாய் வாசனையா இருக்கும், கடைசியில துவர்ப்பு பிடிச்சு நிக்கும், நடுவுல ஒரு பள்ளம் மாதிரி காலியா இருக்கும், அந்தப் பள்ளத்தை மெர்லோவோட சதைப்பத்து நிரப்பும். மெர்லோ தனியா இருந்தா சில சமயம் முதுகெலும்பு இல்லாத மாதிரி தொளதொளன்னு இருக்கும், அதை கேபர்னே நிமிர்த்தி வைக்கும். போர்தோக்காரங்க காலங்காலமா ரெண்டையும் கலக்கறது இதுக்குத்தான், அதோட ஒரு வருஷம் பனியில மெர்லோ போனா கேபர்னே இருக்கும், குளிர்ல கேபர்னே பழுக்கலன்னா மெர்லோ இருக்கும்ங்கற விவசாயி கணக்கும் அதுல இருக்கு. ரெண்டாவது காரணம், மொத்தமா தயாரிக்கற விலை குறைஞ்ச பாட்டில்கள்ல எல்லாருக்கும் பிடிக்கணும்னு கேபர்னேவோட துவர்ப்பை வேணும்னே குறைச்சு, கொஞ்சம் சக்கரையை மிச்சம் வச்சு, ஓக் மரச் சில்லு போட்டு வெனிலா வாசனை ஏத்திடறாங்க. அந்த மட்டத்துல எந்த ரகமா இருந்தாலும் ஏறக்குறைய ஒரே சுவைதான் வரும். அதுக்கு ஒரு படி மேல போனாத்தான் ரகம் பேச ஆரம்பிக்கும்.

ஊரை வச்சு எடுக்கறதுன்னா நான் எப்படி எடுப்பேன்னு சொல்றேன். நாபா, ஆஸ்திரேலியாவுல கூனவாரா, மார்கரெட் ரிவர், தென்னாப்பிரிக்காவுல ஸ்டெல்லன்போஷ், சிலியில மைப்போ, இந்த ஊர் பேர் பாத்தா கேபர்னே எடுப்பேன், பழுக்கறதுக்கு வேண்டிய வெயில் இருக்கு. கூனவாராவுல செம்மண்ணு மேல, அதுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, அங்க வர கேபர்னேல புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி வரும், ஒரு தடவை பழகிட்டா கண்ணை மூடிக்கிட்டு சொல்லிடலாம். போர்தோல பெரிய பேர் இல்லாத, சாதாரண பாட்டில் எடுக்கறதா இருந்தா வலது கரை, அதாவது மெர்லோ பக்கம், ஏன்னா சரளை மண்ணு இல்லாத இடத்து கேபர்னே சாதாரண வருஷத்துல சரியா பழுக்கறது கஷ்டம், மெர்லோ எப்படியும் பழுத்துடும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநில மெர்லோ கிடைச்சா கண்டிப்பா வாங்குங்க, அங்க பகல் வெயிலும் ராத்திரி குளிரும் சேந்து மெர்லோவுக்கே ஒரு உறுதியும் புளிப்பும் குடுக்குது, மெர்லோன்னா சாஃப்ட்டுங்கற பேச்சு அங்க எடுபடாது. ரொம்ப சூடான சமவெளி மெர்லோவை நான் தொடமாட்டேன், சக்கரை சீக்கிரம் ஏறி ஆல்கஹால் 15 சதவீதம் கிட்ட போயிடும், புளிப்பு இறங்கிடும், ஜாம் மாதிரி ஆயிடும்.

சாப்பாட்டு விஷயத்துல விதி ரொம்ப சுலபம். டானின் புரோட்டீனைத் தேடுதுன்னு சொன்னேன்ல, தட்டுல கொழுப்பும் புரோட்டீனும் இருந்தா அது உங்க எச்சிலை விட்டுட்டு அதைப் பிடிச்சுக்கும். அதனாலதான் மாட்டிறைச்சி ஸ்டேக், ஆட்டுக்கறி, கெட்டியான பழைய சீஸ் இதோட குடிக்கறப்ப கேபர்னே திடீர்னு மென்மையாகுது. கோழி, வாத்து, காளான், தக்காளி போட்டு செஞ்சது, இதுக்கெல்லாம் மெர்லோ. காரமான சாப்பாடுன்னா கேபர்னே வேண்டவே வேண்டாம், மிளகாய் எரிச்சலும் துவர்ப்பும் ஆல்கஹாலும் ஒண்ணை ஒண்ணு தூண்டி விட்டு வாய் பூரா நெருப்பாயிடும், பழம் தூக்கலா, ஆல்கஹால் கம்மியா இருக்கற மெர்லோ ஓரளவு தாங்கும். மீனுக்கு ரெண்டும் சரி வராது.

குடிக்கறப்ப எவ்வளவு குளிர்ச்சியா இருக்குங்கறதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். ரெட் ஒயினை அறை வெப்பத்துல குடிக்கணும்னு சொன்னது குளிர் நாட்டு பழைய கல்லு வீட்டு அறையை வச்சு. கேபர்னே 16ல இருந்து 18 டிகிரி, மெர்லோ அதை விட ஒரு டிகிரி கம்மியா இருந்தாலும் நல்லா இருக்கும். 25 டிகிரியில ஊத்தினா ஆல்கஹால் மட்டும் மேல கிளம்பி மூக்குல ஏறும், பழ வாசனை எல்லாம் அதுல அமுங்கிடும், மெர்லோ இன்னும் தொளதொளன்னு ஆயிடும். திறக்கறதுக்கு இருபது இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, அவ்வளவுதான். ரொம்ப குளிர விட்டுட்டாலும் ஆபத்து, கேபர்னே துவர்ப்பு இரும்பு மாதிரி ஆயிடும். இளசா இருக்கற கேபர்னேவை குடிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அகலமான வாய் உள்ள ஜாடியில ஊத்தி வச்சா நல்லா திறந்துக்கும், பாட்டில் மூடியை மட்டும் கழட்டி வச்சா காத்து படற இடம் ஒரு காசு அளவுதான், அதனால பிரயோஜனம் இல்ல. மெர்லோவுக்கு பெரும்பாலும் இது தேவைப்படாது, கிளாஸ்ல ரெண்டு சுத்து சுத்தினா போதும்.

எடுத்து வைக்கறது பத்தியும் ஒரு வார்த்தை. டானின் வருஷம் போகப் போக ஒண்ணோட ஒண்ணு சேந்து நீளமாகி, துவர்ப்போட முனை மழுங்கி, சிலது வண்டலா அடியில தங்கிடும், அதனாலதான் நல்ல கேபர்னே பத்து, இருபது வருஷம் கழிச்சு புகையிலை, பதப்படுத்தின மாட்டுத்தோல், தேவதாரு மரப்பெட்டி மாதிரி வாசனையோட வரும். ஆனா இது நல்ல தோட்டத்து பாட்டிலுக்கு மட்டும். கேபர்னேன்னு பேர் இருந்தா எல்லாமே வயசாக ஆக நல்லாகும்னு நினைச்சு சாதாரண பாட்டிலை அஞ்சு வருஷம் அலமாரியில வச்சு, திறந்தப்ப பழமெல்லாம் போய் வெறும் துவர்ப்பு மட்டும் மிச்சம் இருந்த அனுபவம் எனக்கே உண்டு, இன்னும் மனசு கேக்கல. சாதாரண பாட்டில் எதுவா இருந்தாலும் மூணு வருஷத்துக்குள்ள குடிச்சிடுங்க, அதுவும் சூடான அலமாரியில வைக்கவே வைக்காதீங்க.

நடறதுக்கு எதைத் தேர்ந்தெடுக்கறதுன்னு யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கும் ரெண்டு வரி. கோடை குட்டையா, மண்ணு களியா இருந்தா மெர்லோ, கோடை நீளமா, மண்ணு வடியறதா இருந்தா கேபர்னே. ஈரமான வருஷத்துல மெர்லோவுக்கு அடிச்சாம்பல் நோய் பயங்கரமா வரும், போர்தோல 2023ல மெர்லோ தோட்டக்காரங்க அதுல ரொம்ப அடி வாங்கினாங்க. கேபர்னேவுக்கு தண்டுக்குள்ள வர பூஞ்சை நோய்தான் எதிரி, வெட்டின காயம் வழியா உள்ள போகும், கொடி வயசான அப்புறம்தான் தெரியும். வெயில் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போறதால மெர்லோ சக்கரை கட்டுக்குள்ள நிக்க மாட்டேங்குதுன்னு போர்தோலயே கவலைப்பட ஆரம்பிச்சிட்டாங்க, 2021ல தூரிகா நசியோனல், மார்செலான் மாதிரி நாலு புது கறுப்பு ரகங்களுக்கு கொஞ்சமா நட்டுக்க அனுமதி குடுத்தாங்க. அதுல மார்செலான் கேபர்னேவுக்கும் கிரனாஷ்ங்கற இன்னொரு கறுப்பு ரகத்துக்கும் பிறந்த பிள்ளை.

கடைசியா உங்களுக்கு ஒரு வேலை. ஒரே தயாரிப்பாளர், ஒரே ஊர், ஒரே வருஷம், ஒரே மட்டத்துல ஒரு கேபர்னேவும் ஒரு மெர்லோவும் வாங்குங்க, இது முக்கியம், இல்லன்னா நீங்க ரகத்தை ஒப்பிடல, ஊரையும் ஆளையும்தான் ஒப்பிடறீங்க. ரெண்டையும் ஒரே அளவு குளிர வச்சு ஒரே மாதிரி கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சம் ஊத்தி, வெள்ளைத் தாள் மேல சாய்ச்சு ஓரத்துக் கலரைப் பாருங்க, மெர்லோ ஓரம் கொஞ்சம் செங்கல் நிறம் பக்கம் போகும், கேபர்னே ஓரம் நீலச் சிவப்பா நிக்கும். மெர்லோவை முதல்ல குடிங்க, கேபர்னேவை முதல்ல குடிச்சா அந்த துவர்ப்பு நாக்குல நின்னு மெர்லோவை தண்ணியா காட்டிடும். முழுங்கினதும் பேசாம பத்து எண்ணுங்க, ஈறு என்ன சொல்லுதுன்னு பாருங்க. அப்புறம் ஒரு துண்டு சீஸ் தின்னுட்டு ரெண்டையும் திரும்ப ஒரு வாய் குடிங்க. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் சாயங்காலம் கொஞ்ச நேரம் வெளிய எடுத்து வச்சுட்டு மறுபடி பாருங்க, முதல் நாள் முறைச்சுக்கிட்டு இருந்த கேபர்னே மறுநாள் நல்லா இருக்கா, இல்ல முதல் நாளே பிடிச்சுப் போன மெர்லோவேதான் பிடிக்குதான்னு பாத்துட்டு சொல்லுங்க, எந்த ஊர் பாட்டில்னும் சேத்துச் சொன்னா அடுத்து எதை வாங்கலாம்னு நான் சொல்றேன்.